தென்கரையில் தூக்கம், வடகரையில் தீனி

காரைக்குளத்தின் தென்கரையில் துத்தி என்றொரு பெண் முயல் குடியிருந்தாள். அவளுக்கு அடுத்த வளையில் தொப்பையப்பன் என்ற பெருச்சாளி இருந்தார். துத்திக்குச் சுத்தம் முக்கியம். அமைதி அதைவிட முக்கியம். தொப்பையப்பனுக்குக் கோரைக்கிழங்கு மட்டும்தான் முக்கியம். வளை வாசலிலேயே தோண்டுவார். அங்கேயே உட்கார்ந்து தின்பார். தோலையும் அங்கேயே துப்புவார்.

"அண்ணே! கொஞ்சம் மெதுவாக மெல்லக் கூடாதா? என் வளைச் சுவரே ஆடுகிறது!" என்பாள் துத்தி.

"கிழங்கு கெட்டி, தங்கச்சி! நான் என்ன செய்ய?" என்பார் தொப்பையப்பன். பிறகு இன்னும் பலமாக மெல்லுவார்.

மழை பொய்த்த ஒரு வருடம் மேட்டுக்காடு காய்ந்து போயிற்று. அங்கிருந்த காடைகள், காட்டுக்கோழிகள், முள்ளம்பன்றிகள் எல்லாம் குடும்பத்தோடு தென்கரைக்கு வந்து இறங்கின. வளைக்கு மேல் வளை, புதருக்குள் புதர் என்று கரையே பிதுங்கியது. கோழி சீய்த்த மண் காடையின் கூட்டில் விழுந்தது. முள்ளம்பன்றி தூக்கத்தில் புரண்டு படுத்தால் பக்கத்து வீட்டில் அலறல் கேட்டது. விடிந்தால் சண்டை, பொழுது சாய்ந்தால் சண்டை.

காட்டின் தலைவர் பாறைமுத்து என்ற காட்டெருமை. நல்லவர்தான். ஆனால் யார் சீக்கிரம் பேசி முடிக்கிறாரோ அவர் சொல்வதே சரி என்று நினைப்பவர். அவர் சபையைக் கூட்டினார்.

"இப்படியே போனால் எனக்கு நிம்மதி இல்லை! யாரிடமாவது யோசனை இருக்கிறதா?"

நரி மதிவாணர் எழுந்து நின்றார். பக்கத்து ஊரில் ஊரமைப்பு அலுவலகத்துக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் கோடைக்காலம் முழுக்கப் படுத்திருந்தவர் அவர். அதனால் ஊரமைப்பு பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

"தலைவரே! தூங்குகிற இடத்திலேயே தின்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். இனிமேல் தென்கரை குடியிருப்புப் பகுதி. அங்கே தூங்கலாம், குட்டி போடலாம், தின்னக் கூடாது. வடகரை தீனிப் பகுதி. அங்கே தின்னலாம், வளை தோண்டக் கூடாது. குளத்தைச் சுற்றி முட்புதர் வழியாக ஒரு பாதை. சுத்தம்! ஒழுங்கு! அழகு!"

"என் குஞ்சுகள் தினமும் அவ்வளவு தூரம் நடக்குமா?" என்று கேட்டாள் காட்டுக்கோழி குப்பாயி.

"நடை உடம்புக்கு நல்லது, அம்மணி!"

தொப்பையப்பன் எழுந்தார். "கிழங்கு என் வாசலில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் ஏன் அக்கரைக்குப் போக வேண்டும்?"

"உங்கள் ஒருவருடைய வாசலுக்காக விதி வகுக்க முடியுமா, ஐயா?"

"எல்லாம் சரி, நீங்கள் எங்கே தின்பீர்கள்?" என்றது ஒரு முள்ளம்பன்றி.

"எனக்கென்ன! வடகரைச் சேற்றில் நாலு நண்டு கிடைத்தால் போதும். நான் அப்படிப்பட்டவன்" என்று கண்ணை மூடிக்கொண்டார் நரியார்.

பாறைமுத்துவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "நான் பொழுதன்றைக்கும் அசைபோடுகிறேனே. அது தின்பதில் சேருமா?"

"சேராது, தலைவரே! அது யோசிப்பதில் சேரும்!"

"அப்படியானால் நல்ல விதிதான். சம்மதம் உள்ளவர்கள் காதைத் தூக்குங்கள்!"

துத்தியின் காதுகள் முதலில் எழுந்தன. எல்லோருடைய காதுகளையும்விட உயரமாக நின்றன. "இன்றைக்கே கொண்டுவாருங்கள்!" என்று கத்தினாள். அந்த உற்சாகத்தைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காதைத் தூக்கினார்கள். காது வெளியே தெரியாதவர்கள் தலையை ஆட்டினார்கள். விதி நிறைவேறியது.

மறுநாள் காலை துத்தி கண் விழித்தபோது கரையில் ஒரு சத்தமும் இல்லை. சுவர் ஆடவில்லை. "ஆகா! இதுவல்லவா வாழ்க்கை!" என்று நெட்டி முறித்தாள். உடனே பசித்தது.

பாதைக்குப் போனாள். இரண்டு பக்கமும் முட்புதர். நடுவில் ஒருவர் பின்னால் ஒருவராக நடக்கும் அளவுக்குத்தான் இடம். அவளுக்கு முன்னால் முள்ளம்பன்றி குடும்பம் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அவர்களை முந்திப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? வடகரை போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவசர அவசரமாக அறுகம்புல்லைக் கடித்தாள். தென்கரைக்குத் திரும்பி வந்து படுத்தாள். மறுபடியும் பசித்தது! தின்றதெல்லாம் நடையிலேயே தீர்ந்து போயிருந்தது.

சில நாட்களில் பசியைவிடப் பெரிய கவலை ஒன்று வந்தது. பாதையில் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. முதலில் ஒரு காடை. பிறகு இன்னொரு காடை. ஒரு மாலையில் குப்பாயி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொண்டபோது சிறகு நிறையவில்லை. அவள் பாதை முழுக்க ஓடி ஓடிக் கூப்பிட்டாள்.

"பிள்ளைகள் எங்காவது வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கும், அம்மணி. தானாக வந்துவிடும்" என்று ஆறுதல் சொன்னார் மதிவாணர். அதற்குள் அவரே தன்னைப் பாதைக் கண்காணிப்பாளராக நியமித்துக்கொண்டிருந்தார். ஆளும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்.

"நண்டிலே இவ்வளவு சத்தா!" என்று ஆச்சரியப்பட்டார் தொப்பையப்பன்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். துத்தி தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். வளைவில் முட்புதர் அசைந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் ஏதோ ஒன்று அவள் மேல் பாய்ந்தது! துத்தி துள்ளினாள். பின்பக்கம் சுரீரென்று வலித்தது. முள் குத்துவதைக்கூடப் பார்க்காமல் எதிர்ப்புதருக்குள் பாய்ந்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

பாதையில் மதிவாணர் நின்றிருந்தார்.

"அடடா, துத்தி அம்மணியா! மன்னிக்க வேண்டும்! யாரோ விதியை மீறுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்!" என்றார் பணிவாக. அவர் மீசையில் அவளுடைய வால் முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

நரியார் போகும்வரை காத்திருந்துவிட்டுத் துத்தி நேராகப் பாறைமுத்துவிடம் ஓடினாள்.

"தலைவரே! நரி என் வாலைக் கடித்துப் பிய்த்துவிட்டது!"

பாறைமுத்து அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உனக்கு வால் இருந்ததா?"

"இருந்தது, தலைவரே! சின்ன வால்!"

"நான் பார்த்ததில்லையே. மதிவாணர் நண்டு தின்பவர். அவரைப் போய்ச் சொல்கிறாயே! விதிக்கு முதலில் காது தூக்கியதே நீதானே? இப்போது நடக்கச் சோம்பல் வந்துவிட்டதா?"

துத்தி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வளைக்கு வந்தாள். தொப்பையப்பன் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். நடையில் அவர் தொப்பை வற்றிப்போயிருந்தது.

"என்ன தங்கச்சி, பின்னால் ரத்தம்?"

துத்தி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே முழுசாக விளங்கியது. முன்பெல்லாம் வாசலில் மேய்ந்தார்கள். ஆபத்து வந்தால் ஒரே தாவலில் வளைக்குள் போய்விட்டார்கள். இப்போது எல்லோரும் ஒரே வழியில், வரிசையாக, நரியின் வாயைத் தாண்டிப் போகிறார்கள். குப்பாயியின் குஞ்சுகளை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"என் காதுதானே அண்ணே முதலில் எழுந்தது!"

"அதற்காகக் காதை அறுத்துக்கொள்ளவா முடியும்? ஆனால் ஒன்று. சபையில் நரியாரைக் குற்றம் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்."

துத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஏன் குற்றம் சொல்லப் போகிறேன்? பாராட்டப் போகிறேன்!"

துத்தி கேட்டுக்கொண்டதால் மறுநாளே சபை கூடியது. துத்தி நடுவில் வந்து நின்றாள்.

"தலைவரே! மதிவாணர் ஐயாவின் விதி அருமையான விதி! அதில் ஒரு சின்னக் குறை மட்டும் இருக்கிறது."

"நடை தூரம் என்று சொல்லப்போகிறாயா?" என்று பெருமூச்சு விட்டார் பாறைமுத்து.

"இல்லவே இல்லை! தென்கரைக்கு விதி இருக்கிறது. வடகரைக்கு விதி இருக்கிறது. பாதைக்கு விதியே இல்லை! பாதை நடப்பதற்கு மட்டும்தான் என்று வைத்துவிடுவோம். அங்கே தூங்கக் கூடாது. அங்கே எதையும் தின்னக் கூடாது. மீறினால் காட்டைவிட்டு வெளியேற வேண்டும்!"

"அட! சரியாகத்தான் சொல்கிறாள்!" என்றார் பாறைமுத்து. பேச்சு சீக்கிரம் முடிந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. "காதைத் தூக்குங்கள்!"

நரியார் அவசரமாகக் குறுக்கிட்டார். "பொறுங்கள்! பாதை பொது இடம். அதற்கெல்லாம் எதற்கு விதி?"

"நீங்களே இப்படிச் சொல்லலாமா, ஐயா? சுத்தம், ஒழுங்கு, அழகு எல்லாம் பாதைக்கு வேண்டாமா?"

"வேண்டும்தான்... ஆனால்..."

சபையில் காதுகள் மளமளவென்று எழுந்தன. "விதி நிறைவேறியது!" என்று பாறைமுத்து காலை ஓங்கித் தரையில் தட்டினார்.

நரியாரின் வயிறு உறுமியது. அவருக்குப் பொறுக்க முடியவில்லை. "நிறைவேறியதாவது! பாதையில் தின்னக் கூடாது என்றால் நான் எங்கே போய்த் தின்பேன்?" என்று கத்திவிட்டார்.

சபையில் எழுந்து நின்ற காதுகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின.

"நண்டெல்லாம் வடகரையில் அல்லவா இருக்கிறது?" என்றார் தொப்பையப்பன்.

"அது... சில நண்டுகள் பாதையிலும் நடமாடும்."

குப்பாயி முன்னால் வந்தாள். நரியாரின் எதிரே நின்று கேட்டாள்: "அந்த நண்டுக்கு இறக்கை இருந்ததா, ஐயா?"

பாறைமுத்து அசைபோடுவதை நிறுத்தினார். மெல்ல எழுந்தார். கொம்பைத் தாழ்த்தினார். மதிவாணர் பாதையைத் தேடக்கூட நிற்கவில்லை. தடாலென்று குளத்தில் விழுந்து, நீந்தி, அக்கரை ஏறி, ஓடியே போனார். அதற்குப் பிறகு காரைக்குளத்தில் அவரை யாரும் பார்க்கவில்லை.

துத்தி குப்பாயியின் பக்கத்தில் போய் நின்றாள். "அக்கா" என்று மட்டும் சொன்னாள். குப்பாயி அவளைத் திட்டவில்லை. "இனிமேல் நடப்பதைப் பார்ப்போம்" என்றாள்.

பழைய விதியைக் கலைத்துவிட்டுப் புதிதாக வகுக்க உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை பாறைமுத்து யாரையும் அவசரப்படுத்தவில்லை. நாள் முழுக்கப் பேசினார்கள். யாரும் தன் வாசலிலேயே தின்னலாம் என்று முடிவாயிற்று. மேட்டுக்காட்டில் இருந்து வந்தவர்கள் வடகரையிலும் வளை தோண்டிக்கொள்ளலாம், அதனால் தென்கரை நெரிசலும் குறையும் என்றார்கள். தின்ற தோலை அவரவரே மண்ணில் புதைக்க வேண்டும் என்று துத்தி கேட்டாள். அதுவும் நியாயம்தான் என்று தொப்பையப்பனே ஒப்புக்கொண்டார். முள்ளம்பன்றிகள் மட்டும் புரண்டு படுக்கத் தனி இடம் கேட்டு வாங்கிக்கொண்டன.

எல்லாம் முடிந்து எழும் நேரத்தில், அதுவரை ஒற்றைக்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கொக்கு தொண்டையைக் கனைத்தது.

"தலைவரே! பாவம், தவளைகள்! கரையெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. ஆழமில்லாத ஒரு மூலையை அவர்களுக்கென்றே ஒதுக்கினால் எவ்வளவு ஒழுங்காக இருக்கும்! நான் இலவசமாகவே மேற்பார்வை பார்க்கிறேன்!"

"வேண்டாம் ஐயா, வேண்டாம்! அவர்கள் சிதறியே கிடக்கட்டும்!" என்று துத்தி கத்தினாள். தவளைகள்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தன.

ஒரு விதி கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதனால் யார் அலைய வேண்டியிருக்கும், யார் வயிறு நிரம்பும் என்று பார்த்த பிறகே அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.