குழி தனி!

கடலோரத்து மணல்மேட்டில் நரி ஒன்று கோல்ஃப் மைதானம் நடத்தி வந்தது. சவுக்குக் குச்சிதான் மட்டை, புன்னைக்காய்தான் பந்து. மேட்டின் உச்சியில் நின்றால் மூன்று பக்கமும் கடல் தெரியும்.

அந்த உச்சியில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்று பவளி என்ற நண்டுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கட்டணம் இருபது மட்டிச் சிப்பி! ஈர மணலில் இருந்தபடி அண்ணாந்து பார்த்துப் பார்த்தே அதன் கண் இரண்டும் வெளியே நீண்டுவிட்டன.

ஒருநாள் நரி பலகை மாட்டியது: "இன்று பாதிக் கட்டணம்!"

மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பத்து மட்டியையும் இழுத்துக்கொண்டு பவளி ஓடியது. ஓட்டம் பக்கவாட்டில்தான் என்பதால் இரண்டு தடவை வழி தவறியது. நரி மட்டியை வாங்கிக்கொண்டு மட்டையை நீட்டியது.

உச்சிக்கு ஏறிப் பார்த்தால், குழியின் மேல் பெரிய கல்!

"நரியாரே, குழியைக் காணோமே?"

"பாதிக் கட்டணம் ஆட்டத்துக்குத்தான். குழி தனி! பலகைக்கு அடியிலே பொடி எழுத்துல போட்டிருக்கேனே, பார்க்கலியா? இன்னும் பத்து மட்டி எடு, கல்லை நகர்த்துறேன்."

"என்கிட்ட வேற இல்லையே!"

"அப்போ சும்மா அடிச்சுட்டுப் போ!"

பவளிக்கு அழுகை முட்டியது. மழைக்காலச் சாப்பாடும் போச்சு, ஆட்டமும் போச்சு. பக்கத்தில் தும்பன் என்ற முயலும் இதேபோல் ஏமாந்து, காதைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

குனிந்த பவளியின் கண்ணில் தன் கொடுக்குகளே பட்டன. சட்டென்று சிரித்துவிட்டது. இந்த நரி குழியை விற்கப் பார்ப்பது யாரிடம்? ஒரு நண்டிடம்!

"நரியாரே, உம்ம குழியை நான் தொடலை. வேற குழியிலே போட்டா தப்பில்லையே?"

"வேற குழி எங்கே இருக்கு? இருந்தா தாராளமாப் போட்டுக்கோ!"

அடுத்த நொடி மணல் பறந்தது. கடலைப் பார்த்தபடி அழகான வட்டக் குழி ஒன்று! பவளி பக்கவாட்டில் நின்று ஓங்கி ஒரு அடி அடித்தது. புன்னைக்காய் உருண்டு உருண்டு போய் உள்ளே விழுந்தது.

"அக்கா! எனக்கும் ஒண்ணு!" என்று துள்ளியது தும்பன்.

பாதிக் கட்டணம் கட்டி ஏமாந்த அத்தனை பேருக்கும் பவளி குழி தோண்டிக் கொடுத்தது. ஆளுக்கொரு மட்டியைச் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் போன பத்தும் திரும்பி வந்துவிட்டது. கல் மூடிய குழியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் நரியே கல்லை உருட்டித் தள்ளிவிட்டு, பொடி எழுத்தை வாலால் அழித்தது.

கையில் இருக்கும் பொருளை ஏமாற்றிப் பறிக்கலாம். கை கற்ற தொழிலை யாராலும் பறிக்க முடியாது.