காலோரம் கொஞ்சம்

நரம்பு தைக்கும் வித்தையைக் கற்க டாக்டர் பகவதியப்பன் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது. கற்றுக்கொடுத்த டாக்டர் ஹமீதாவுக்கு நாற்பத்திரண்டு. இளையவரிடம் கைகட்டி நிற்க அவர் கூச்சப்படவில்லை. செத்த கை ஒன்றைத் தானும் உயிர்ப்பித்துக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை அவரை அப்படிப் பிடித்து ஆட்டியது.

அந்த ஆசை கிளீட்டஸ் என்ற மீனவப் பையனால் நிறைவேறியது. பைக்கிலிருந்து விழுந்து அவன் வலது கை தோளோடு செத்திருந்தது. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அவன் இரண்டு கால்களிலிருந்தும் நரம்பு எடுத்துத் தோளில் வைத்துத் தைத்தார் பகவதியப்பன். ஹமீதா கூடவே நின்றார்.

இரண்டு வருடம் கழித்து முழங்கை மடங்கியது. விரல்கள் அசையவில்லை. இந்த மாதிரிக் காயத்தில் அதுவே பெரிய காரியம். பகவதியப்பன் தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவனை ஹமீதாவின் அறைக்கு அழைத்துப் போனார்.

"மடக்கிக் காட்டு தம்பி."

கை மெல்ல ஏறி மார்புவரை வந்து நின்றது. பகவதியப்பன் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. ஹமீதா அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் சுண்டுவிரலில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கால்ல என்னப்பா?"

"வீட்டு வலை நூல் அறுத்துட்டு டாக்டர். எலும்பு தெரிஞ்ச பிறவுதான் பாத்தேன்."

"வலிக்கலையா?"

"நரம்பு எடுத்த பக்கம் ஒண்ணும் தெரியாதுல்லா." பிறகு பகவதியப்பனைப் பார்த்தான். "கைய இறக்கட்டுமா டாக்டர்?"

மடக்கிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. இறக்கச் சொல்ல அவர் மறந்திருந்தார்.

ஹமீதா தரையில் உட்கார்ந்து தானே துணியைப் பிரித்து மருந்து வைத்தார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். கை போன பிறகு வலைக் கிழிசலைச் சரிசெய்து பிழைக்கப் பழகியிருந்தான். சுண்டுவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, இடது கையால் ஊசி போடுவான். நூலின் இறுக்கத்தைக் கால்தான் சொல்லும். ஆபரேஷனுக்குப் பிறகு கால் சொல்வதில்லை. முடிச்சுகள் தொளதொளவென்று விழுந்தன. இப்போது அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

பகவதியப்பனுக்கு நினைவு வந்தது. ஆபரேஷனுக்கு முதல்நாள் வார்டு கட்டிலில் இவன் காலால் வலை பிடித்திருந்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். கெட்டிக்காரன் என்று தட்டியும் கொடுத்தார். அன்று மாலை வராந்தாவில் அவன் அப்பாவிடம், காலோரம் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான் என்றார். காட்டிய இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். பையன் கட்டிலில்தான் இருந்தான்.

அடுத்து எப்போது வரவேண்டும் என்று கிளீட்டஸ் ஹமீதாவிடம் கேட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி வெளியே போனான்.

பகவதியப்பன் ஹமீதாவிடம் திரும்பினார்.

"அவன்கிட்ட கேட்டிருந்தாலும் சரின்னுதானே சொல்லியிருப்பான் மேடம்? எந்தப் பையன் கை வேண்டாம்னு சொல்லுவான்?"

ஹமீதா ரத்தத் துணியை மடித்துத் தொட்டியில் போட்டார்.

"சரின்னு சொல்லியிருக்கலாம் சார். அப்ப அது அவன் குடுத்த காலா இருந்திருக்கும். இது நாம எடுத்த கால்."