அஞ்சேகால் மணி ரோசாப்பூ

செல்போனை ஒரு மஞ்சள் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு திரவியம் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அறுபத்தேழு வயசு. நில அளவை இலாகாவில் ஊர் ஊராகச் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி நாலு வருஷம். கோபம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஓடு போட்ட நாலு அறை, ஒரு கிணறு, அஞ்சாறு மாமரம். அதைப் பார்த்துக்கொண்டு அங்கே இருந்தவர் குழல்வாய்மொழி அம்மா. ஒரு காலத்தில் நர்ஸ் வேலை பார்த்தவர். திரவியத்தைவிட இருபது வயசு சின்னவர். அவர் திரவியத்தை அண்ணாச்சி என்பார், திரவியம் அவரை அம்மா என்பார். திரவியம் அங்கே வந்து போகத் தொடங்கிய மூணு வருஷமாக அப்படித்தான்.

"அம்மா, இதை நான் துறந்துட்டேன்" என்று பையை அவர் முன்னால் வைத்தார் திரவியம்.

"அப்படி என்ன செஞ்சுது இது?"

"என்ன செய்யலன்னு கேளுங்க. ஒரு வீட்ல நாலு பேரு உக்காந்திருந்தா நாலு பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கான். வாங்கன்னு கேக்க நாதியில்ல. மனுசனை மனுசன் பாக்கது நின்னுபோச்சு. எல்லாம் இந்தச் சனியனால."

"எத்தனை நாளைக்குத் துறந்திருக்கிய?"

"சாகுற வரைக்கும்."

அம்மா பையைப் பிரித்து போனைக் கையில் எடுத்தார்.

"பூட்டியிருக்கே அண்ணாச்சி."

திரவியம் அசடு வழிந்தார். வாங்கித் திறந்து, பூட்டையும் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதை அடுக்களை அலமாரியில் புளிப்பானைக்குப் பக்கத்தில் வைத்தார். சார்ஜ் மட்டும் போட்டு வைக்கிறேன், யாராவது அவசரமென்று கூப்பிட்டால் சொல்கிறேன் என்றார்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம்தான். திரவியம் கிணற்றடியில் குளித்தார், மாமரத்தடியில் படுத்தார், அணில் சண்டை போடுவதை முழுசாகப் பார்த்தார். மூணாம் நாள் கேள்வியோடு வந்தார்.

"அந்தக் காலம் ஏன் அம்மா போச்சு?"

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு அரிவாள்மணையை அவர் பக்கம் தள்ளினார்.

"எந்தக் காலம்?"

கேட்க ஆள் கிடைத்தால் போதாதா? திரவியம் மடை திறந்துவிட்டார்.

"அரூர்ல பதினோரு வருசம் கிடந்தேன். தபால்காரர் சைக்கிள் மணி தெருமுக்குல கேட்டாலே வயித்துக்குள்ள ஒரு குறுகுறுப்பு. ஆவுடையப்பன் கடுதாசி வந்திருக்குமான்னு. அம்பைக்காரன். நானும் அவனும் ஒண்ணாப் படிச்சவங்க. இன்லண்ட் லெட்டர்ல மடிப்பு, ஓரம் ஒண்ணையும் விடமாட்டான். வாசல்ல நின்னு ஒருக்கா படிப்பேன். உள்ள வந்து வீட்டுக்காரிக்குச் சத்தமா ஒருக்கா படிப்பேன். அப்புறம் அடுக்களைச் சுவத்துல தொங்குற கம்பியில குத்தி வைப்பேன். மழை நாள்ல எடுத்துத் திரும்பவும் படிப்பேன். லீவுல நான் ஊருக்கு வந்தா, அவன் சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வந்து நிப்பான். தெருமுனையிலயே சத்தம் போடுவான். 'வே திரவியம், இருக்கீரா போயிட்டீரா?' வீட்டுக்காரி சிரிச்சுக்கிட்டே குழம்புல தண்ணிய ஊத்துவா. அந்தத் தண்ணிக் குழம்பு ருசி இன்னும் நாக்குல நிக்கி, அம்மா."

அம்மா நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப அவரு எங்க இருக்காரு?"

"அம்பைலதான். எங்க போகப்போறான்? இங்கேருந்து பஸ்ல முக்கால் மணி நேரம்."

"கடைசியா எப்பப் பாத்திய?"

"வீட்டுக்காரி காரியத்துக்கு வந்தான். நாலு வருசமாச்சு. அதுக்குப் பிறகு அவன் பேரன் ஒரு போன் வாங்கிக் கொடுத்தானாம். தொலைஞ்சான்! தினம் காலையில அஞ்சேகால் மணிக்கு ஒரு ரோசாப்பூ. அதுமேல பனித்துளி. கீழ 'இனிய காலை வணக்கம்'. மூணு வருசமா இதே கூத்து. சொந்தமா ஒரு வரி கிடையாது. அப்படி மடிப்புல எல்லாம் எழுதுன பயல், அம்மா!"

"நீங்க என்ன பதில் போடுவிய?"

"ரோசாப்பூவுக்கு என்ன பதில் போட? மொதல்ல ரெண்டு நாள் கட்டைவிரலைப் போட்டேன். பிறகு சத்தம் வராம அமுக்கி வச்சுட்டேன்."

அம்மா நறுக்கிய காயை அலசி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கடுதாசியில என்னதான் எழுதியிருப்பாரு? ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? 'அன்புள்ள திரவியத்துக்கு ஆவுடையப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல். இங்கே மழை உண்டு. ஆற்றில் தண்ணீர் போகிறது. வயல் நடவு ஆயிற்று. இக்கடிதம் கண்டதும் பதில் போடவும்.'"

"அடுத்த கடுதாசியில?"

"மழை இல்லைன்னு இருக்கும்."

"மத்தபடி?"

"அதேதான்."

"பதினோரு வருசமும்?"

திரவியத்துக்குச் சுருக்கென்றது. "அது வேற, இது வேற அம்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க அவர் அடுக்களைப் பக்கம் வரவில்லை. சாப்பாட்டைக்கூட மாமரத்தடிக்கே கொண்டுவரச் சொல்லித் தின்றார்.

ஆறாம் நாள் காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் அம்மா வந்து நின்றார்.

"அண்ணாச்சி, சார்ஜ் போடையில பாத்தேன், இன்னைக்கு ரோசாப்பூ வரல."

"நல்லதாப் போச்சு, பீடை விட்டுது" என்றார் திரவியம். அப்படிச் சொல்லிவிட்டுப் பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினார்.

ஏழு மணிக்குக் காப்பி குடிக்க வந்தவர், காப்பியைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்தார்.

"வந்துட்டா?"

"இல்ல."

எட்டு மணிக்கும் இல்லை. எட்டரைக்குத் தண்ணீர் குடிக்க வந்தார், அப்போதும் இல்லை. ஒன்பது மணிக்கு என்ன சாக்குச் சொல்வதென்று தெரியாமல் சும்மாவே வந்து அடுக்களை வாசலில் நின்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"சுகர் உண்டு அவனுக்கு. போன வருசம் கண் ஆபரேசன் பண்ணினதா யாரோ சொன்னாங்க. நான் என்னன்னுகூடக் கேக்கல அம்மா. பாவி, ஒரு வார்த்தை கேக்கல."

"உக்காருங்க" என்றார் அம்மா. "அந்தக் காலத்துல கடுதாசி நேரத்துக்கு வராட்டா என்ன செய்விய?"

"என்ன செய்ய? பத்து நாள், இருபது நாள் பிந்தும். மழையா இருக்கும், தபால்ல தாமதமாயிருக்கும்னு விட்டுருவோம்."

"பயமே வராதா?"

திரவியம் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"ஒருக்கா வந்துது. நாப்பது நாள் கடுதாசி இல்ல. எனக்குச் சோறு இறங்கல. வீட்டுக்காரி, 'போய்ப் பாத்துட்டு வந்துருங்க, இல்லன்னா உங்களை நான் பாக்க முடியாது'ன்னுட்டா. லீவைப் போட்டுட்டுக் கிளம்புனேன். அரூர்லேருந்து சேலம், சேலத்துலேருந்து மதுரை, அங்கேருந்து திருநெல்வேலி, பிறகு அம்பை. ஒரு ராத்திரி ஒரு பகல். பாதி தூரம் நின்னுக்கிட்டே வந்தேன். அவன் பொணத்தைத்தான் பாக்கப்போறோம்னு நினைச்சு வழியெல்லாம் அழுதேன்."

"பிறகு?"

"வயல்ல முட்டுவரைக்கும் சேத்துல நின்னு வரப்பு வெட்டுதான்! என்னயப் பாத்ததும், 'ஏவே, இங்க எங்கவே வந்தீரு?' 'உம்ம கடுதாசி வரல'ன்னேன். 'எழுதிட்டேன்வே. சட்டைப்பைக்குள்ள வச்சேன். உங்க மதினி சட்டையோட சேத்துத் துவைச்சுட்டா. திரும்ப எழுதலாம், எழுதலாம்னு நாள் ஓடிப்போச்சு.' எனக்கு வந்த கோவத்துல அங்கேயே ஒரு அறை விட்டேன். அவன் சேத்துக் கையோட என்னயக் கட்டிப் புடிச்சான். போட்டிருந்தது புதுச் சட்டை, பாழாப் போச்சு. மூணு நாள் இருந்தேன் அம்மா. ஆத்துல கிடந்தோம், வரப்புல நடந்தோம். வாய் ஓயல. என்ன பேசினோம்னு கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா அந்த மூணு நாளைத்தான் நான் அந்தக் காலம், அந்தக் காலம்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன் போல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தப் போனைக் கொஞ்சம் கொடுங்க அம்மா. துறந்ததுதான். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

அம்மா எடுத்துக் கொடுத்தார்.

திரவியம் ஆவுடையப்பன் பெயரைத் தேடித் திறந்தார். விரலால் மேலே தள்ளத் தள்ள ரோசாப்பூ. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பொங்கலுக்குக் கரும்பு, தீபாவளிக்கு விளக்கு, மறுபடியும் ரோசாப்பூ. ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அத்தனையும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தன. இவர் பக்கம் கட்டைவிரல் இரண்டு, அதற்குப் பிறகு ஒன்றுமே கிடையாது. ஒரு நாள் பூவுக்குக் கீழே ஆவுடையப்பன் தட்டுத் தடுமாறி எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. 'நலமா வே.' தேதி பார்த்தார். போன கார்த்திகை மாசம். இவர் அதைப் பார்க்கவேயில்லை.

கட்டைவிரலைக் கூப்பிடும் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனார்.

"போட்டுக் கேட்டுரட்டுமா அம்மா? அரை நிமிசத்துல தெரிஞ்சுபோயிரும்லா?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

"போட்டா, 'நல்லாத்தான்வே இருக்கேன்'னு சொல்லிருவாரு அண்ணாச்சி. அப்புறம் நீங்க அவரைப் பாக்க அம்பைக்குப் போகமாட்டிய."