தொட்டிலடியில் ஒரு ஐயோ

முன்னொரு காலத்தில் கடற்கோட்டை என்ற துறைமுக நாட்டைச் செழியவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ, அவர்கள் பேச்சே அவனுக்கு வேதவாக்கு.

இளவரசிக்குத் தொட்டில் போட்ட அன்று, திருஷ்டி படாமலிருக்கக் கருவளை பூட்ட வந்தாள் தெலுங்கு வளையல்காரி கனகம்மா. ஒரு கையில் பூட்டியதும் குழந்தை சிரித்தது. "அய்யோ, எந்த முத்துகா உந்தி!" என்று, எவ்வளவு அழகு என்பதைத் தன் பாஷையில் சொல்லிச் சொக்கிப்போனாள். சபையே தொட்டில் பக்கம் திரும்பிவிட்டது. நீட்டி முழக்கிக்கொண்டிருந்த அவைப்புலவர் சொக்கேசரின் வாழ்த்துப்பாவைக் கேட்க நாதியில்லை.

வந்ததே புலவருக்குக் கோபம்!

"மகாராஜா! ஐயோ என்பது எமன் பெண்டாட்டியின் பெயர். தொட்டிலடியில் அவளைக் கூப்பிட்டுவிட்டாள் இந்தப் பாவி!"

ராஜாவும் நம்பினான். "பொழுது சாய்வதற்குள் இவள் எல்லையைத் தாண்டவேண்டும்!"

கொஞ்சியதற்கா ஊரைவிட்டுத் துரத்துவது? சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நான் என்ன தப்பு பண்ணினேன் சாமி?" என்று அவள் அழுதாள்.

மந்திரி பொன்னம்பலவர் எழுந்தார். "தோஷம் கழியட்டும். விருந்தாளிகள் குழந்தையை வாங்கி வாழ்த்தட்டும்" என்றார். குழந்தை அப்போதுதான் வயிறு முட்டப் பால் குடித்திருந்தது. அது மந்திரிக்குத் தெரியும்.

மலையாளத்து யானைப்பாகன் வாங்கினான். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. "அய்யோ, என்டெ பொன்னே!" என்று பூரித்தான். சிங்கள முத்து வியாபாரி வாங்கினார். குழந்தை தும்மியது. "அய்யோ, பவ்!" என்று பரிதாபப்பட்டுத் தடவிக்கொடுத்தார்.

"இவர்களையும் துரத்துங்கள்!" என்று குதித்தார் சொக்கேசர்.

"அபசகுனமே வராத வாய் உங்களுடையது. நீங்கள் வாழ்த்துங்கள் புலவரே" என்று மந்திரி குழந்தையை அவர் மடியில் வைத்தார்.

மடி நனைந்தது.

"ஐயோ! என் பட்டு!" என்று அலறிய சொக்கேசர், குழந்தையை எட்டத்தில் நீட்டிப் பிடித்தார். மந்திரி சட்டென்று வாங்கிக்கொண்டார்.

"கேட்டீர்களா மகாராஜா? ஒருத்தி கொஞ்சினாள், ஒருவன் பூரித்தான், ஒருவர் இரங்கினார். மூன்று பாஷைக்காரர்கள் வாயிலும் அந்தச் சொல் உங்கள் மகளுக்காக வந்தது. புலவருக்கு மட்டும் வேட்டிக்காக வந்தது."

ராஜாவின் முகம் சிவந்தது. "சொக்கேசரே, அந்த வளையல் பெட்டியை அவள் வீடுவரை நீர்தான் சுமக்கவேண்டும்!" என்றவன், தலை குனிந்தான். "தப்பு என்னுடையது அம்மா. என்ன வேண்டுமோ கேள்."

கனகம்மா கண்ணைத் துடைத்தாள். "இன்னொரு கைக்குப் பூட்டவே விடலையே சாமி."

பூட்டினாள். குழந்தை இரண்டு கையையும் ஆட்டியது.

"ஐயோ!" என்றான் ராஜா.