பாதியில் நிற்கும் படம்

காரைக்குடி வாசகசாலை ஒன்றில் ஞாயிறுதோறும், கணினியில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் சொல்லிக்கொடுத்தார் நஸ்ரின். மாணவர்களில் ஒருவரான வைரவன் டீச்சரின் அப்பாவைவிட மூத்தவர். ஆர்வத்தில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

மனைவி உமையாள் ஆச்சி இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகுதான் அவர் வகுப்பில் சேர்ந்தார். பரணில் கிடந்த லேப்டாப்பை டிவியோடு இணைத்து, ஆச்சி படுத்தபடியே பழைய படங்கள் பார்க்க வழிசெய்ய வேண்டும். விண்டோஸில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்த அந்த லேப்டாப், லினக்ஸ் போட்டதும் சுறுசுறுப்பாகிவிட்டது. வைரவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை. லினக்ஸில் ஒரு வகையா, இரண்டு வகையா? உபுண்டுவை அழித்துவிட்டு மின்ட் போட்டார். மின்ட்டை அழித்துவிட்டு டெபியன் போட்டார். வாராவாரம் முதல் ஆளாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எதுங்க டீச்சர் ரொம்பச் சிறந்தது?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன் சார்," என்றார் நஸ்ரின்.

அவர் வந்தபோது வைரவன் அடுத்த லினக்ஸ் வகையை ஏற்றத் தயாராகப் பென்டிரைவைச் செருகியிருந்தார். நஸ்ரின் லேப்டாப் பக்கமே போகாமல் கட்டிலருகே போனார்.

"என்ன படம் பாத்தீங்க ஆச்சி?"

"ஒரு கொலைப் படம்."

"யாரு கொலை பண்ணினது?"

"யாருக்குத் தெரியும்? எஸ்டேட் முதலாளி செத்துக் கெடப்பாரு. போலீசு வரும். அதுக்குள்ள இவுக, கொஞ்சம் இரு, இதைவிட நல்லது ஒண்ணு வந்திருக்குன்னு நிப்பாட்டிருவாக. மறுபடி மொதல்லேருந்து. அந்த முதலாளி இந்த வீட்டுல எத்தனை தடவைதான் சாவாரு?"

வைரவனுக்குச் சுருக்கென்றது. "எல்லாம் உனக்காகத்தானே செய்றேன்?"

"இல்லைன்னு சொல்லலையே," என்றார் ஆச்சி. குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தேவலை என்று வைரவனுக்கு இருந்தது.

நஸ்ரின் திரும்பினார். "இப்ப இருக்கறதுல படம் ஓடுதா சார்?"

"ஓடுது. ஆனா..."

"சத்தம் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. இருந்தாலும் டீச்சர், புதுசா வந்திருக்கறதுல..."

நஸ்ரின் பென்டிரைவை உருவி ஆச்சியின் தலையணைக்கு அடியில் வைத்தார். படத்தை ஓடவிட்டார். டிவியில் மலைப்பாதையில் ஒரு கார் ஏறி வந்தது. ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

வைரவனுக்குக் கை பரபரத்தது. வைக்க ஓர் இடம் தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே டீச்சர். எதுதான் சிறந்தது?"

லேப்டாப் மேசைமுன் ஆச்சிக்கு முதுகைக் காட்டிக் கிடந்த வைரவனின் நாற்காலியை நஸ்ரின் தூக்கிவந்து கட்டிலை ஒட்டிப் போட்டார்.

"உக்காருங்க சார். படம் ஆரம்பிச்சிருச்சு."