கடுக்கன் போட்ட நரி

முன்னொரு காலத்தில், மேகத்துக்கே இன்னும் மழை பெய்யச் சரியாகத் தெரியாத காலத்தில், ஏழு கரட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. கரடு என்றால் குட்டி மலை. ஏழு கரடு, ஒரு கோட்டை, ஒரு ராஜா. ராஜா பேர் வீரகங்கன்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கலன்று காலையில் நரி முகத்தில் விழித்தால் வருஷம் முழுக்க யோகம் என்று நம்பினார்கள். தை பிறக்க நாலு நாள் இருக்கும்போதே வலையைத் தூக்கிக்கொண்டு கரட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு நரியைப் பிடித்து, வாயைக் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, மேளம் கொட்டி வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டே வாசலுக்கு வந்து நரியின் எதிரில் கண்ணைத் திறப்பார்கள். அப்புறம் நரியை அவிழ்த்துவிடுவார்கள். இதில் நரிக்கு என்ன யோகம் என்று மட்டும் அங்கே யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை, பார்த்தீர்களா?

ஒரு வருஷம் ஐப்பசியில் இளவரசன் கரட்டுக்கு வேட்டைக்குப் போனான். சாயங்காலம் குதிரை மட்டும் திரும்பி வந்தது. தேடிப் போனவர்கள் ஒரு தலைப்பாகையையும் அதைச் சுற்றி நரிக்கால் தடத்தையும்தான் கண்டார்கள். ராஜா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் எழுந்து, என் நாட்டில் ஒரு நரியும் உயிரோடு இருக்கக் கூடாது என்றார்.

அதற்கென்றே காத்திருந்ததுபோல ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். தலையோடு முகத்தையும் மூடிச் சாம்பல் நிறப் போர்வையில் முக்காடு போட்டிருப்பான். சாப்பிடும்போதுகூட அதை எடுக்க மாட்டான். அதனால் ஊரில் அவனுக்கு முக்காடன் என்றே பேர். நரி வேட்டையைச் சொல்லித்தருகிறேன், வீட்டுக்கு ஒருத்தரை அனுப்புங்கள் என்றான் ராஜாவிடம். ராஜா பறையறையச் சொல்லிவிட்டார்.

வந்தவர்களுக்கெல்லாம் முக்காடன் ஒரு முயலெலும்புக் குழலையும் ஒரு தடியையும் கொடுத்தான். குழலை ஊதினால் அடிபட்ட முயல் அலறுவதுபோலவே கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நரி எங்கிருந்தாலும் ஓடி வரும். கூடவே மூன்று விதியும் சொன்னான்.

"காத்து மூஞ்சியில அடிக்க உட்காரு. கல்லு மாதிரி அசையாம இரு. நரி முகத்தை மட்டும் பார்க்காதே."

முதல் நாள் ஒருவன் போனான். போனவன் திரும்பவில்லை, கரட்டில் நரி ஒன்று கூடியது. அடுத்த நாள் இன்னொருவன் போனான். போனவன் திரும்பவில்லை, கரட்டில் நரி ஒன்று கூடியது. மார்கழி முடியப் போகும்போது நாற்பது பேர் போயிருந்தார்கள், ஒருத்தரும் வரவில்லை. நரிகள் மட்டும் சாயங்காலமானால் ஊர் எல்லைக்கே வந்து ஊளையிட்டன. உங்களுக்கு இந்நேரம் ஏதோ தட்டுப்பட்டிருக்கும். அந்த நாட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. பயம் வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பதுகூடத் தெரியாது.

நாற்பதாவதாகப் போனவன் பேர் செங்கோடன். அவன் தங்கை பாவாயி. அப்பா இல்லாத வீடு, அம்மா, அண்ணன், தங்கை, பன்னிரண்டு ஆடு. செங்கோடன் காதில் சிவப்புக்கல் கடுக்கன் போட்டிருப்பான். அதுவும் இடது காதில் மட்டும்தான், ஏனென்றால் வலது காதுக் கடுக்கனைக் கிணற்றில் முங்கி விளையாடும்போது தொலைத்துவிட்டான். அதற்காக அம்மாவிடம் வாங்கிய திட்டு ஊருக்கே தெரியும்.

அண்ணன் போய் மூன்று நாளாயிற்று. அம்மா வாசலைவிட்டு எழவே இல்லை. நரிதான் அண்ணனைத் தின்றிருக்கும் என்று பாவாயி முடிவு கட்டினாள். அவளுக்கு ஆடு மேய்க்கத் தெரியும், தறி நெய்யத் தெரியும், வேட்டை தெரியாது. ஆனாலும் நேராக முக்காடனிடம் போய்க் குழல் கேட்டாள். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பெண்ணானாலும் கை இரண்டு இருக்கிறதல்லவா, அது போதும் என்றான். அது என்ன பேச்சு என்று அவளுக்குப் புரியவில்லை. குழலையும் தடியையும் வாங்கிக்கொண்டாள், மூன்று விதியையும் கேட்டுக்கொண்டாள்.

முதல் நாள் வெயில் தாழ்ந்ததும் மூன்றாம் கரட்டில் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து குழலை ஊதினாள். ஒரு நரியும் வரவில்லை. ஊதி ஊதி வாய் வலித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் கவனித்தாள், காற்று அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. தலையில் வைத்திருந்த விளக்கெண்ணெய் வாசனை அவளுக்கு முன்னால் போய், பாவாயி வந்திருக்கிறாள் என்று காடெல்லாம் சொல்லிவிட்டது. தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு வீடு வந்தாள்.

இரண்டாம் நாள் எண்ணெய் வைக்கவில்லை. காற்று மூஞ்சியில் அடிக்கவே உட்கார்ந்தாள். குழலை ஊதினாள். தூரத்தில் சங்கம்புதர் அசைந்தது, ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துத் தொடையில் சுரீர் என்றது. மகராசி கட்டெறும்புப் புற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் குதித்த குதியில் நரி திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது. அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது அந்த எறும்புகள்தான். அது தெரியாமல் வழியெல்லாம் எறும்பைத் திட்டிக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள் ஆட்டுப் புழுக்கையைக் கரைத்துக் கைகால் எல்லாம் பூசிக்கொண்டாள். இடத்தைக் கூட்டிப் பார்த்து உட்கார்ந்தாள். காற்று மூஞ்சியில் அடித்தது. கல் மாதிரி இருந்தாள். குழலை ஊதினாள்.

நரி வந்தது. பத்தடி, ஐந்தடி, கைக்கு எட்டும் தூரம். பசியில் விலா எலும்பு தெரிந்தது. பாவாயி தடியை ஓங்கினாள். அண்ணனை நினைத்துக்கொண்டு முழுபலத்தோடு ஓங்கினாள். முகத்தைப் பார்க்காதே என்ற விதி ஞாபகத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் பிறந்ததிலிருந்து நரி என்றால் முகத்தைப் பார், முகத்தைப் பார் என்றே வளர்ந்த பெண் அவள். கண் தன்னால் அங்கே போய்விட்டது.

நரியின் இடது காதில் சிவப்புக்கல் கடுக்கன் இருந்தது.

பாவாயிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. ஓங்கிய தடி பின்பக்கமாக நழுவிப் பாறையில் உருண்டு போயிற்று. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். நரி பாய்ந்திருந்தால் தொண்டை போயிருக்கும். அது பாயவில்லை, அவளையே பார்த்தது.

"அண்ணா" என்றாள் பயத்தில். நரியின் முதுகு நடுங்கியது.

"அண்ணா?" என்றாள் சந்தேகத்தில். நரியின் வால் சுருங்கியது.

"அண்ணா" என்று மூன்றாம் தடவை அழுதுகொண்டே கூப்பிட்டாள். எதிரில் செங்கோடன் நாலு காலில் நின்றான். புழுதியும் முள்ளுமாக, இளைத்துக் கருத்து, இடது காதில் கடுக்கனோடு நின்றான்.

செங்கோடன்தான் முதலில் பேசினான்.

"அடிச்சேன் பாவு. அந்த நரி மேல தடி பட்டதுதான் தெரியும். அடிச்ச கை முன்னங்காலாயிருச்சு. அந்த நரி யாருன்னு நெனைக்கிற? நம்ம மேலத்தெரு மாரப்பன். மாரப்பன் அடிச்சது அவனுக்கு முன்னால போனவனை. அத்தனையும் மனுசங்க புள்ள. இந்தக் கரட்டுல இப்ப நரியே கிடையாது."

முதல் நாள் காற்று திரும்பி அடித்திருந்தால், இரண்டாம் நாள் எறும்பு கடிக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பாவாயி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செங்கோடன் இன்னொன்றும் சொன்னான். ஒவ்வொரு மனுஷன் நரியாகும்போதும் எங்கோ ஒரு நரி கொஞ்சம் மனுஷனாகிறது. முதலில் அதற்குக் கை வந்தது, பிறகு கால் வந்தது, உடம்பு வந்தது. முகம் ஒன்றுதான் இன்னும் வரவில்லை. முகம் வரவேண்டுமென்றால் ஒரு ராஜா நரியாக வேண்டும். இதெல்லாம் அதுவே கரட்டுக்குத் தனியாக வந்து நரிகளிடம் சொல்லிச் சிரித்தது. அது யார் என்று பாவாயி கேட்கவில்லை. சாப்பிடும்போதுகூட முக்காட்டை எடுக்காதவன் அந்த நாட்டில் ஒருத்தன்தானே.

முதலில் நரியானது இளவரசன், வேட்டையில் அவன் அடித்தது அந்த முக்காட்டு நரியைத்தான். அண்ணனும் தங்கையுமாக அவனைத் தேடிப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இளவரசே என்றார்கள், நரி நரியாகவே நின்றது. வீட்டார் வாயால், வீட்டில் கூப்பிடும் பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டால்தான் ஆகும், அதுவும் கையில் ஆயுதம் இல்லாமல் முகத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது. நரிகளைக் கொல்லத் துடிக்கும் ராஜாவிடம் இதைச் சொன்னால் கேட்பாரா?

மறுநாள் பொங்கல். ஆவாரம்பூக் கூடையோடு பெண்கள் அரண்மனைக்குப் போகும் நாள். செங்கோடனைக் கரட்டில் நரிகளுக்குக் காவல் வைத்துவிட்டு, பாவாயியும் ஒரு பெரிய கூடையோடு போனாள். மேலே பூ, அடியில் இளவரசன். காவலாளிகள் பூவைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள்.

ராஜா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முக்காடன் நின்றான். பாவாயி கூடையைக் கட்டில் காலடியில் இறக்கினாள். பூ சரிந்தது, நரி எழுந்து நின்றது. அரண்மனையே அலறியது. ராஜா கை தலைமாட்டு வாளுக்குப் போய்விட்டது.

"வெட்டுங்கள் மகாராஜா, முகத்தைப் பார்க்காமல் வெட்டுங்கள்" என்றான் முக்காடன்.

"பார்த்துட்டு வெட்டுங்க மகாராசா" என்றாள் பாவாயி. "நம்ம நாட்டுல பொங்கலன்னைக்கு நரி முகத்தைப் பார்க்காதவங்க யாரு? ஒரே ஒரு தடவை பாருங்க."

வாள் தலைக்கு மேலே போனது. நரி ஓடவில்லை. மெல்ல நடந்து வந்து ராஜாவின் கால் கட்டைவிரலை வாயில் கவ்வியது.

கடிக்கிறது, கடிக்கிறது என்று முக்காடன் கத்தினான். ஆனால் பல் படவில்லை. ராஜா அப்படியே உறைந்து போனார். அவர் மகன் தவழும் வயதில் விடிந்ததும் கட்டில் காலடிக்கு வந்து, அப்பாவின் கட்டைவிரலைக் கவ்வித்தான் எழுப்புவான். அது அரண்மனையில் வேறு ஒருவருக்கும் தெரியாது. குனிந்து முகத்தைப் பார்த்தார். வாள் கையைவிட்டு விழுந்து தரையில் சத்தமிட்டது.

"குட்டான்" என்றார் ராஜா. "குட்டான். என் குட்டான்."

காலடியில் இளவரசன் விசும்பிக்கொண்டு கிடந்தான். ராஜா அவனை அள்ளி எடுத்துக்கொண்டு, சுற்றி இத்தனை பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

முக்காடன் வாசலைப் பார்த்து நகர்ந்தான். பாவாயி எட்டிப் போர்வையைப் பிடித்து இழுத்தாள். முக்காட்டுக்குள் மனுஷ முகம் இல்லை. மனுஷ உடம்பின்மேல் ஒரு கிழட்டு நரியின் தலை இருந்தது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் பின்வாங்கிச் சுவரில் மோதிக்கொண்டார்கள். வெட்டுங்கள் அவனை என்று நாலாபக்கமும் குரல் எழுந்தது.

நரி வாயைத் திறந்து பேசியது.

"எட்டு பொங்கலுக்கு என்னைத்தான் வலை போட்டுப் பிடிச்சீங்க. வாயைக் கட்டினீங்க, மாலை போட்டீங்க, காதுகிட்டயே மேளம் கொட்டினீங்க. உங்க யோகத்துக்கு ஊர் முழுக்க என் முகத்தைப் பார்த்துச்சு. அதுல இருந்த பயத்தை ஒருத்தராவது பார்த்தீங்களா? அதான் நீங்களும் ஒரு தடவை நரியா இருந்து பாருங்கன்னு நெனைச்சேன்."

நரி மனுஷனாகிவிட்டதைவிட, அது சொன்னது உண்மை என்பதுதான் அங்கிருந்தவர்களைத் தூக்கிவாரிப்போட்டது. பாவாயிக்கு முகமெல்லாம் எரிந்தது. அவளும் எட்டு வருஷமும் வாசலுக்கு ஓடிவந்து கண்ணைத் திறந்தவள்தான். என் அண்ணனுக்கு நீ செய்ததை நான் மறக்க மாட்டேன், உனக்கு நாங்கள் செய்ததையும் மறக்க மாட்டேன் என்றாள். கையை விரித்துக் காட்டிவிட்டு, அதன் முகத்தை நேராகப் பார்த்து, நரியே, நரியே, நரியே என்று மூன்று தடவை கூப்பிட்டாள். போர்வை காலியாகித் தரையில் விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கிழட்டு நரி வெளியே வந்து, ஜனங்கள் விட்ட வழியில் ஓடி, கோட்டை வாசலைத் தாண்டிக் கரடேறிப் போயிற்று.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நரிகள் ஒவ்வொன்றாக ஊருக்குள் வந்தன. முகத்தைப் பார்க்க வீட்டுக்கு வீடு வாசலில் வெறுங்கையோடு ஆட்கள் நின்றார்கள். மூன்று மூன்று தடவை பேர் கேட்டுக்கொண்டே இருந்தது. ராஜா பாவாயியைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார். நரி வலைகளையெல்லாம் என்னிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்றாள். வந்த வலைகளைப் பிரித்து ஆட்டுக்குப் பட்டி கட்டிக்கொண்டாள். செங்கோடனைப் பார்த்ததும் அம்மா முதலில் காதைத்தான் தொட்டுப் பார்த்தாள். இதையும் தொலைத்திருந்தால் என்னடா ஆகியிருக்கும் என்று அப்போதும் திட்டினாள், திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அந்த நாட்டில் பொங்கலன்று நரியைப் பிடிப்பதில்லை. விடிவதற்கு முன்னால் எல்லாரும் கரட்டோரம் போய், காற்று மூஞ்சியில் அடிக்க உட்காருவார்கள். கல் மாதிரி அசையாமல் இருப்பார்கள். கையில் தடியும் இருக்காது, வலையும் இருக்காது. தானாக வந்தால் பார்ப்போம், வராவிட்டால் போவோம் என்று இருப்பார்கள். முதல் வருஷம் நரி வரவில்லை. இரண்டாம் வருஷமும் வரவில்லை. மூன்றாம் வருஷம் சங்கம்புதர் விலகி, ஒரு கிழட்டு நரி வெளியே வந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை முகத்தையும் அதுதான் முதலில் பார்த்தது. பாவாயியிடம் வந்தபோது கொஞ்சம் கூடுதலாக நின்று பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் திரும்பி நடந்தது.