பொற்கொடி கம்பைல் செய்த பிரவுசர்

எங்கள் பால் சங்கத்துக் கம்ப்யூட்டர்கள் பத்தும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கிழங்கள். புது பிரவுசர் எதுவும் அவற்றில் திறக்காது. தற்காலிக ஊழியர் பொற்கொடி, அந்தப் பழைய பிராசஸருக்குப் புரிகிற கட்டளைகளை மட்டும் வைத்து, தன் லேப்டாப்பில் ஒரு பிரவுசரைக் கம்பைல் செய்து, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றி, கொண்டுவந்தாள்.

செயலாளர் தணிகாசலம் எகிறினார். “இந்த மெஷின்ல ஓடுறத இந்த மெஷின்லயேதான் செய்யணும்! நாளைக்குள்ள முடியலன்னா வேலைக்கு வராத!”

“இதுல செஞ்சா மாசக்கணக்காகும் சார். அளவு இங்க எடுத்தேன், வேலைய அங்க முடிச்சேன்.”

“வேற எடத்துல செஞ்சது இதுக்கு எப்படிம்மா பொருந்தும்?”

பொற்கொடி அவருடைய மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தாள். “இது கச்சிதமாப் பொருந்தியிருக்கே சார். டெய்லர் உங்க உடம்பு மேல வச்சா தைச்சாரு?”

ஆபீஸே சிரித்தது. தணிகாசலம் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“சரி சரி, முதல்ல என் மெஷின்ல போடு.”